கடல் கடந்த ஒரு மூதாட்டி

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் கடைத்தெரு வழியே நடந்து செல்பவர், கால் மணி நேரத்திற்குள் ஐந்தாறு மொழிகளைக் கேட்டுவிடலாம். மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் வாயிலில் குஜராத்தி ஒலிக்கும், திருமலை தேவஸ்தானத்தின் பக்கம் கொங்கணி, அப்பால் கச்சி மேமன்களின் வீடுகள், நடுவே மலையாளம், இடையிடையே நமது தமிழ். இங்கே யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், "எங்கள் முன்னோர் இன்ன ஊரிலிருந்து வந்தவர்கள்" என்றுதான் தொடங்குவார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது இயல்பு. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களுக்கு நாம் இதை விளக்கவேண்டியதில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து சிறிது தூரத்தில், கொச்சிக் கோட்டைப் பகுதியின் வெளி என்னுமிடத்தில், தோபிகானா என்று வழங்கும் சலவைத்துறை ஒன்று உண்டு. அங்கே தொழில் செய்வோர் தமிழ் பேசும் வண்ணார் குலத்தினர். கல்லில் துணி அறையும் ஓசை காலையிலேயே தொடங்கிவிடும். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, கவ்விகள் எதுவுமின்றி உலர்த்துவது அவர்களுடைய கைத்திறன். கஞ்சி போடுவதும், கரிப்பெட்டியால் தேய்ப்பதும் பரம்பரையாக வந்த பழக்கம். டச்சுக்காரர் தம் படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து தங்கள் முன்னோரை அழைத்து வந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

டச்சுக்காரரின் துணி வெளுத்த தமிழ்நாட்டார் என்றதும், நம் நினைவு கொச்சியைத் தாண்டி வெகுதூரம் செல்கிறது. அதே டச்சுக் கம்பெனியின் தலைவர்களுக்கு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில், சலவைத் தொழில் செய்த ஒரு பெண்மணி இருந்தார். அவர் பிறந்த ஊர் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. அவர் அங்கே கூலிக்குப் போகவில்லை; குடியேறவும் போகவில்லை. கொலைக் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டு, ஆயுள் முழுவதற்கும் நாடு கடத்தப்பட்டவர் அவர். நம் பெரியோர் தீவாந்தர சிட்சை என்று சொல்வார்களே, அந்தத் தண்டனை. இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னேமன் என்ற குடும்பப் பெயர் தாங்கிய ஆயிரக்கணக்கானோர் அவருடைய வழித்தோன்றல்கள். அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாடு கடத்தப்பட்ட முன்னோரைத் தேடுவது என்றால் உலகத்தார் உடனே ஆஸ்திரேலியாவைத்தான் நினைப்பர். 1788ஆம் ஆண்டு முதல் 1868ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷ் அரசாங்கம் சுமார் 1,60,000 கைதிகளை அக்கண்டத்திற்கு அனுப்பியது. அவர்களுள் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். துணி திருடியவர், வீட்டு வேலை செய்த இடத்தில் வெள்ளிக் கரண்டியை எடுத்தவர் போன்றவர்களே பெரும்பாலோர். அங்கே நெடுங்காலம் வரை, "எங்கள் கொள்ளுப்பாட்டி கைதியாக வந்தவள்" என்று சொல்ல எவரும் துணியவில்லை. குடும்ப வேதப் புத்தகத்தில் எழுதியிருந்த பெயரைக் கிழித்தவர்களும் உண்டு. பிற்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. கைதிகளின் பதிவேடுகளில் வயது, பிறந்த ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்திய அடையாளம் வரை எழுதியிருந்தமையால், தேடியவர்களுக்குத் தம் பாட்டியின் உருவமே கிடைத்தது. இப்பதிவேடுகளை 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆஸ்திரேலியாவுக்கு முதலில் சென்ற 11 கப்பல்களும், 1787ஆம் ஆண்டு அக்டோபரில், நன்னம்பிக்கை முனையில் ஒரு மாதம் தங்கின. அங்கே கால்நடைகளை ஏற்றுவதற்கு இடம் போதவில்லை. 'பிரெண்ட்ஷிப்' என்ற கப்பலிலிருந்த பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆடுகளை அடைத்தார்கள். அதை எழுதிவைத்த அதிகாரி ஒருவர், பெண்களைவிட ஆடுகளே நல்ல துணை என்ற பொருள்பட மகிழ்ந்துகொண்டார். அந்த நன்னம்பிக்கை முனைத் துறையில், அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்னரே, நம் பழவேற்காட்டுப் பெண்மணி கைதியாக வந்து இறங்கியிருந்தார்.

பழவேற்காட்டின் நிலையை முதலில் பார்ப்போம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வூரில் டச்சுக்காரர் 1610ஆம் ஆண்டில் பண்டகசாலை வைத்தனர். 1613ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களுடைய தலைமையிடம். அங்கிருந்து கப்பலேறிய பொருள்களுள் வண்ணம் தோய்த்த துணிகள் முதன்மையானவை. இதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அதே துறையில் மனிதரும் ஏற்றுமதியாயினர் என்பதை அத்துணை உரக்கச் சொல்வதில்லை. பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம், தம்மையும் தம் மக்களையும் விற்றுப் பிழைக்க வேண்டிய நிலைக்குக் குடிகள் தள்ளப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் நேர்ந்த பஞ்சத்தின்போது மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாகக் கடல் கடந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணித்திருக்கின்றனர். ஜாவாத் தீவின் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, இவ்வடிமைகளுக்குப் பெருஞ்சந்தையாக விளங்கியது.

நம் பெண்மணியும் அவ்வாறு பத்தாவியா சேர்ந்தவரே. டச்சு ஏடுகளில் அவருடைய பெயர் 'குரோத்தே கத்ரைன்', அதாவது பெரிய கத்ரைன். பெயருக்குப் பின்னால் 'பாலியாகட்டாவிலிருந்து' என்று ஊரையும் சேர்த்திருக்கிறார்கள். பாலியாகட்டா என்பது பழவேற்காட்டின் டச்சு உருவம். தாய் தந்தையர் இட்ட பெயரை நீக்கிவிட்டுத் தம் வாய்க்கு எளிதான ஒரு கிறிஸ்தவப் பெயரையும் பிடித்துவந்த ஊரையும் சேர்த்து எழுதுவதே அடிமைகளை வாங்கியோர் கைக்கொண்ட முறை. வங்காளத்திலிருந்து, மலபாரிலிருந்து, கொச்சியிலிருந்து என்று அந்த ஏடுகளில் வரும் பெயர்கள் யாவும் இத்தகையனவே. ஒரு வகையில் அது கொடுமை. ஆயினும் பெயரைப் பறித்தவர்கள் ஊரை விட்டுவைத்தார்கள். அந்த ஓர் ஊர்ப்பெயர் இல்லையேல் இன்று நாம் அவரை நம்மவர் என்று அடையாளம் காண முடிந்திராது. ஏடுகள் அவரை எவ்வாறு நடத்தினாலும், ஒரு பெருங்குடும்பத்தின் மூதாட்டி ஆதலின், நாம் 'அவர்' என்றே சொல்வோம்.

1656ஆம் ஆண்டில் பத்தாவியாவில் அவருக்கும் அவருடைய காதலனான கிளாஸ் என்பவனுக்கும் சச்சரவு மூண்டது. அவனும் அடிமையே. 'மலபாரிலிருந்து' என்பது அவன் பெயரோடு ஒட்டியிருந்த ஊர். அவன் அவரைத் தாக்கினான்; அவர் திருப்பித் தாக்கினார். அந்த அடியினால் சில நாள்களில் அவன் இறந்துபோனான். நீதிமன்றம் கத்ரைனுக்கு மரணதண்டனை விதித்தது. கம்பத்தில் கட்டிக் கழுத்தை நெரித்துக் கொல்வது அக்காலத்து முறை. எனினும் அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே அடித்தார் என்பதை மேலிடத்தார் கருத்திற்கொண்டனர்போலும். தண்டனை ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. தாய்நாடு திரும்பும் கப்பல்களுள் ஒன்றான 'பிரின்ஸ் வில்லம்' அவரை ஏற்றிக்கொண்டு, 1657ஆம் ஆண்டு பெப்ரவரியில் நன்னம்பிக்கை முனையை அடைந்தது.

அம்முனையில் டச்சுக்காரர் குடியேறி அப்பொழுது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. 1652ஆம் ஆண்டில் ஜான் வான் ரீபெக் அங்கே ஒரு கோட்டையையும் காய்கறித் தோட்டத்தையும் அமைத்திருந்தார். கீழ்த்திசைக் கப்பல்களுக்குத் தண்ணீரும் கீரையும் இறைச்சியும் கொடுப்பதே அவ்விடத்தின் பயன். கம்பெனிப் பணியிலிருந்து விடுபட்ட சிலருக்கு முதன்முதலாக நிலம் கொடுக்கப்பட்டதும் அதே 1657ஆம் ஆண்டில்தான். அடிமைகளைக் கூட்டங்கூட்டமாக ஏற்றிவந்த கப்பல்கள் மறு ஆண்டில்தான் வந்தன. ஆகவே, பின்னாளில் கேப்டவுன் மாநகரமாக வளர்ந்த குடியிருப்பின் தொடக்ககால மாந்தருள் நம் பழவேற்காட்டார் ஒருவர். ஏடுகளில் பதிவான முதல் பெண் கைதியும் அவரே. அங்கே அவருக்கு வாய்த்த வேலை, கம்பெனித் தலைவரின் துணிகளை வெளுப்பது.

அவர் வெளுத்த துணிகளை எண்ணிப் பார்க்கிறோம். அவற்றுட் சில சோழமண்டலத்துத் தறிகளில் நெய்யப்பட்டுப் பழவேற்காட்டுத் துறையில் கப்பலேறியவையாக இருந்திருக்கக்கூடும். துணியும் வெளுத்தவரும் ஒரே துறையிலிருந்து வந்து, இரண்டும் ஒரே கம்பெனிக்கு உடைமையாக அந்த நீரோடைக் கரையில் சந்தித்திருக்கக்கூடும். இது நம் கற்பனைதான். ஏட்டில் உள்ள செய்தியன்று.

ஏட்டில் உள்ளது வேறு. ஹைடல்பர்க் நகரத்தைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்தோபெல் ஸ்னைமன் என்ற படைவீரன், 1667ஆம் ஆண்டில், காவல் புரியவேண்டிய இரவில் காவலை விட்டுவிட்டுக் கத்ரைனிடம் தங்கியிருந்ததாகப் பிடிபட்டான். அவனை இராபன் தீவுக்கு அனுப்பினார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நெல்சன் மண்டேலா சிறையிருந்த தீவு அதுவே. 1668ஆம் ஆண்டில் கத்ரைன் திருமுழுக்குப் பெற்றார். 1669ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிறிஸ்தோபெல் என்ற ஆண் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்ததாகத் தேவாலயப் பதிவேடு கூறுகிறது. தகப்பன் தண்டனை பெற்றதும், மகன் தகப்பனின் பெயரையே பெற்றதும் இரண்டு வெவ்வேறு ஏடுகளில் இருக்கின்றன. ஒன்று நீதிமன்றத்தின் ஏடு. மற்றது தேவாலயத்தின் ஏடு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கே உண்மை விளங்கிற்று.

தண்டனையினின்று விடுதலை பெற்ற கத்ரைன் 1671ஆம் ஆண்டில் வங்காளத்தைச் சேர்ந்த அந்தோனி என்பவரை மணந்தார். அவரும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இவ்வாறு, பழவேற்காட்டாரும் வங்காளத்தாரும் நன்னம்பிக்கை முனையில் ஒரு குடும்பமாயினர். மகன் கிறிஸ்தோபெல் ஸ்னைமன் அவர்களுடைய வீட்டிலேயே வளர்ந்து, திராக்கன்ஸ்தைன் பள்ளத்தாக்கில் நிலம் பெற்று உழவனானான். சமயக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் ஓடிவந்த ஹியூகனோக்கள் 1688ஆம் ஆண்டில் அங்கே குடியேறினர். அவர்களுள் செல்வாக்கு மிக்கவர் ஜாக் த சவோய் என்ற வணிகர். அவருடைய மகள் மார்கெரீத், 1690ஆம் ஆண்டளவில், இந்தக் கைதியின் மகனை மணந்தாள். ஒரு தலைமுறைக்குள் என்ன மாற்றம் பாருங்கள்! தூக்குமரத்தினின்று தப்பிய அடிமைப் பெண்ணின் மகனுக்கு, ஐரோப்பியச் செல்வர் வீட்டுப் பெண் வாழ்க்கைத் துணை. அக்காலத்து முனையில் மனிதரைப் பிரித்தவை சமயமும் சுதந்திரமும் சொத்துமே. தோலின் நிறம் இன்னும் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை.

பிற்காலத்தில் அது ஏறியது. 1949ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா கலப்பு மணங்களைத் தடை செய்தது. 1950ஆம் ஆண்டில் ஒவ்வொரு குடிமகனையும் இனவாரியாகப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. எந்தப் பள்ளியில் படிப்பது, எந்தத் தெருவில் குடியிருப்பது, யாரை மணப்பது என்பவற்றை ஒரு பாட்டியின் பிறந்த ஊர் முடிவு செய்யக்கூடிய காலம் அது. வெள்ளையர் என்று பதிவான பல குடும்பங்களின் வேரில் ஆசிய அடிமைப் பெண்கள் இருந்தனர் என்பதைத் தேவாலய ஏடுகள் அறிந்திருந்தன. வீடுகளில் அது மறைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் ஜே. ஏ. ஹேசே என்ற ஆராய்ச்சியாளர், ஆப்பிரிக்கானர் இனத்தாரின் தோற்றத்தை அவ்வேடுகளைக் கொண்டே கணக்கிட்டு, ஐரோப்பாவுக்குப் புறம்பான இரத்தமும் அதில் கலந்துள்ளது என்று காட்டினார். பலர் அதனை விரும்பவில்லை. 1990களில் மான்செல் அபம் என்னும் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர் பெரிய கத்ரைனைப் பற்றித் தனியே ஓர் ஆய்வு எழுதினார். நீதிமன்ற ஏடு, கைதிகள் பட்டியல், திருமுழுக்குப் பதிவேடு, மணப்பதிவு ஆகியவற்றைக் கோத்து, பத்தாவியாவின் தீர்ப்பிலிருந்து திராக்கன்ஸ்தைன் பண்ணைவரை வழியைத் தெளிவாக்கினார். இனவேற்றுமைச் சட்டங்கள் ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் அந்த ஆய்வைப் படித்தவர்களும் வேறு மனத்துடன் படித்தார்கள்.

இவ்வாறான தேடலில் உள்ள இடர்களை ஒரு சிறிது சொல்லவேண்டும். கத்ரைன், கத்தரினா, திரைன் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் வருவார். ஒரே பெயரில் மூவரும் வருவர். அவரைப் 'பெரிய' என்று அடைமொழி கொடுத்து வேறுபடுத்தியதே அதனால்தான். டச்சுக்காரர் 'மலபார்' என்று எழுதினால் அது கேரளக் கரையைக் குறிக்கலாம், தமிழரையும் குறிக்கலாம். ஐரோப்பியர் பலர் நம் மொழியையே 'மலபார் மொழி' என்று வழங்கினர். 1579ஆம் ஆண்டில் இதே கொச்சியில் அச்சான கிறிஸ்தவ வினாவிடை நூல் தமிழ் எழுத்தில் இருந்தது என்பதைக் கொச்சித் தமிழர் பலர் அறியார். ஆகையால், பத்தாவியாவில் இறந்த கிளாஸ் எந்தக் கரையைச் சேர்ந்தவன் என்பதை ஒரு சொல்லை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. அவனுக்காகவும் நாம் இரங்குகிறோம். அவனுக்கு வழித்தோன்றல் இல்லை. ஆதலால் அவனைத் தேடுவாரும் இல்லை.

கொச்சிக்கு மீண்டும் வருவோம். 1663ஆம் ஆண்டு ஜனவரியில் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். மட்டாஞ்சேரியில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்திருந்த அரண்மனையை இவர்கள் பழுதுபார்த்துப் புதுக்கியமையால் அதற்கு 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுற்றுலாவாக வருவோர் அதன் சுவரிலுள்ள இராமாயண ஓவியங்களைக் கண்டு வியந்து செல்கின்றனர். நாமும் வியக்கிறோம். ஆனால் அக்காலத்துக் கொச்சியில் மனிதரை விற்பதற்கு எழுதிய பத்திரங்களும் இருந்தன. விற்றவர் யார், வாங்கியவர் யார், விற்கப்பட்டவரின் பெயர், வயது, சாதி, விலை ஆகியன அவற்றில் எழுதப்பட்டன. ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைகளை விசாரித்த நீதிமன்ற வாக்குமூலங்களும் உள்ளன. அண்மைக் காலத்தில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் படித்து நூல்களாக வெளியிட்டுள்ளனர். நன்னம்பிக்கை முனைக்கு 1652ஆம் ஆண்டுமுதல் 1808ஆம் ஆண்டுவரை கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 63,000 அடிமைகளுள் நாலில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பது ஒரு கணக்கு. அவர்களுள் கொச்சி வழியாகச் சென்றவர்களும் அடங்குவர்.

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொச்சியைக் கைப்பற்றிய பின், இங்கிருந்த டச்சு ஏடுகள் காலப்போக்கில் சென்னை சேர்ந்தன. இன்று அவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றுட் சிலவற்றை மொழிபெயர்த்து, 'மலபாரில் டச்சுக்காரர்' என்ற ஆங்கிலத் தொகுதியை 1911ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கம் வெளியிட்டது. உலகின் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் டச்சுக் கம்பெனி ஏடுகள் மொத்தம் இரண்டரைக் கோடிப் பக்கங்கள் இருக்கும் என்பர். சென்னை, ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், தி ஹேக் ஆகிய ஐந்து நகரங்களின் தொகுப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுச் செல்வமாக ஏற்றது. கத்ரைன் அம்மையார் கடந்த கடல்வழியையும் இந்த ஐந்து நகரங்களையும் ஒரு படத்தில் குறித்தால், அவர் சென்ற திசையும் ஏடுகள் கிடக்கும் திசையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் காணலாம்.

நாம் நாடு கடத்தப்பட்டவர்களை அடியோடு மறந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. 1802ஆம் ஆண்டில் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்ட பாளையக்காரர்களையும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் வாளெடுத்தவர்கள், ஆகவே பாட்டும் கதையும் அவர்களுக்கு வாய்த்தன. சட்டியும் துணியும் தொட்ட கை ஒருமுறை ஓங்கியதால் கடல் கடந்த பெண்ணுக்குப் பாட்டு வாய்க்கவில்லை. நீதிமன்ற எழுத்தன் எழுதிய சில வரிகளே வாய்த்தன. அவற்றையும் 300 ஆண்டுகள் கழித்து அவருடைய பேரப் பிள்ளைகளின் நாட்டார்தாம் தேடி எடுத்தார்கள்.

விடுமுறையில் தமிழ்நாட்டுக்குச் செல்லும் அன்பர்கள் பழவேற்காட்டை ஒருமுறை பார்த்து வரலாம். பொன்னேரியிலிருந்து பேருந்து செல்கிறது. ஏரிக்கரையில் கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. அருகே டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே வணிகர்களும் அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் உறங்குகின்றனர். பெயரும் பட்டமும் கல்லில் அழகாக வெட்டப்பட்டுள்ளன. அங்கிருந்து மீனவர் படகுத்துறைக்கு நடந்துபோகும் தூரந்தான்.